நூற்று நான்கு ஆமைக்குஞ்சுகளும் ஒரு ஃபிளக்ஸும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எதிர்வீட்டு ஆட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து. மழைக்குப் பழைய ஃபிளக்ஸ் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் கூலிங்கிளாஸ் போட்ட பெரியவர் ஒருவர், பக்கத்தில் ஆமை ஒன்று, மேலே 'ஆமைகளின் காவலரே!' என்று எழுத்து. பெயர் இருந்த ஓரத்தை ஆடு தின்றிருந்தது. போய்க் கேட்டால் யாரென்று சொல்லியிருப்பார்கள். கேட்கக் கூச்சம். ஒருவரிடம் போய்ப் பேசுவதைவிட ஒரு கதை எழுதிவிடுவது எனக்குச் சுலபம்.

2

முதல் வரி: 'கடல் நீலமாக விரிந்து

வேண்டாம். நான் கடலைப் பார்த்ததில்லை. வண்டியூர் தெப்பக்குளம் நிறைந்து கிடந்தபோது பார்த்ததுதான் அதிகபட்சம்.

மறுபடியும்: வாடிப்பட்டி அழகுமலை மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றார்.

இது பரவாயில்லை. ஊரில் கரண்ட் போனால் எல்லோரும் அவருக்குத்தான் போன் அடிப்பார்கள். ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து ஒரு போனும் இல்லை. ஒருநாள் தன் வீட்டு ஃபியூஸைத் தானே பிடுங்கிவிட்டு, மனைவி ஒச்சம்மாள் கூப்பிடுவாள் என்று வாசலில் காத்திருந்தார். (இது மிகை என்று தோன்றினால் அடித்துவிடுங்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.)

"யோவ், எங்கிட்டாச்சும் போய் உருப்படியா ஒரு வேலையப் பாருய்யா. இம்புட்டு வருசமும் போஸ்ட்டு மரத்துல தொங்குன மனுசன் இப்ப என் அடுப்படியில வந்து தொங்குனா நான் எங்க போக?" என்றாள் ஒச்சம்மாள்.

3

அப்படித்தான் அவர் ராமநாதபுரம் பக்கம், கடற்கரையில் இருக்கும் ஓர் ஆமைப் பாதுகாப்பு மையத்தில் சம்பளமில்லாத் தொண்டராகச் சேர்ந்தார். பங்குனி ஆமை இட்டுப்போகும் முட்டைகளை எடுத்துவந்து, வேலியடைத்த மணலில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிற இடம். பொறுப்பாளர் ரோகிணிக்கு இருபத்தாறு வயது. "அழகுமலை ஐயா எங்க?" என்று நாளைக்குப் பத்துத் தடவை தேடுவாள். அந்தப் பத்துக்காக அவர் எதையும் செய்வார்.

ஆனால் கரை இருட்டாகக் கிடந்தது. லைன்மேனுக்கு அது பொறுக்குமா? முதல் வாரமே ஒரு டியூப்லைட் மாட்டிவிட்டார். ரோகிணி கழற்றச் சொன்னாள்.

"குஞ்சுங்க வெளிச்சத்தப் பாத்துத்தான் நடக்கும் ஐயா. விடியக்காலம் கடல் பக்கந்தான் மொதல்ல வெளுக்கும். நாம லைட்டப் போட்டா ரோட்டுக்குப் போயிரும். இன்னொரு தடவ இப்படி நடந்தா உங்கள வரவேணாம்னுதான் சொல்லணும்."

(இங்கே அவர் திருந்திவிட்டார். அதனால் கதை நின்றுவிட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சொந்தக்காரர்களைக் கொண்டுவருகிறேன்.)

4

குஞ்சுகளை விடும் நாளை அழகுமலை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. (நான்தான் சொல்லவைத்தேன்.) ஒச்சம்மாளின் அண்ணன் மகன் சிவபாண்டி, மைக்செட்டும் சீரியல் செட்டும் வாடகைக்கு விடுகிறவன். ஒரு பிள்ளைக்குக் காதுகுத்து என்றாலே பத்தடி ஃபிளக்ஸ் வைக்கிற குடும்பம் அது. நூற்று நான்கு பிள்ளைகள் பிறந்த இடத்துக்கு வெறுங்கையோடு போகுமா?

விடிகாலை ஐந்து மணி. குஞ்சுகளை மணலில் இறக்கிவிட்ட நேரத்தில் வேன் வந்து நின்றது. பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். ஃபிளக்ஸ் எழுந்தது, ஜெனரேட்டர் உறுமியது, இரண்டு ஃபோகஸ் லைட்டுகள் எரிந்தன. பத்தடி உயரத்தில் அழகுமலை கூலிங்கிளாஸோடு சிரித்தார்.

கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த நூற்று நான்கும் நின்றன. திரும்பின. அவருடைய படத்தை நோக்கி வரத் தொடங்கின.

"மாமா! ஒங்களக் கும்புட வருதுக மாமா!" சிவபாண்டி செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

"அடியாத்தீ, எனக்கே புல்லரிக்குது," என்றாள் ஒச்சம்மாள்.

அழகுமலைக்கும் ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. (அந்த நொடியை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.) பிறகு ரோகிணியின் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ள, அணைச்சுத் தொலைடா!"

"சுவிட்சு மக்கர் பண்ணுது மாமா. தட்டுனாத்தான் எரியும், தட்டுனாலும் அணையாது."

குஞ்சுகளை மிதிக்காமல், போஸ்ட்டு மரத்தில் ஏறுவதுபோல ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து, அவர் ஜெனரேட்டரை அடைந்தார். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த கை வயரைப் பிடுங்கியது.

இருட்டு.

"யாரும் அசையாதீங்க! காலடியில குஞ்சு இருக்கு!" ரோகிணியின் குரல்.

பன்னிரண்டு பேரும் அப்படி அப்படியே நின்றார்கள். ஒச்சம்மாள் தூக்கிய காலை இறக்கவில்லை.

"மேடம்... நாளைக்கி நான் வரலாமா?"

"அசையாதீங்கன்னா வாயையும் சேத்துத்தான் ஐயா."

"நல்லாக் கேளு தாயி," என்றாள் ஒச்சம்மாள், ஒற்றைக்காலில்.

5

முடிவு அ: நூற்று நான்கும் கடலில் சேர்ந்தன. ரோகிணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நீங்க இல்லன்னா

(சர்க்கரை கூடிவிட்டது.)

முடிவு ஆ: வேன் சக்கரத்துக்கு அடியில் மூன்று

(மாட்டேன்.)

எத்தனை போய்ச் சேர்ந்தன என்று எண்ணிப் பார்த்துத்தான் ரோகிணி அவருக்குப் பதில் சொல்வாள். எண்ண வெளிச்சம் வேண்டும். இந்தக் கதைக்குள் நான் ஒரு தீக்குச்சி கிழித்தாலும் போதும், அத்தனையும் என் பக்கம் திரும்பிவிடும். அதனால் எழுதுவதை இங்கேயே நிறுத்துகிறேன்.

நீங்கள் எப்படியும் ஏதோ ஒரு வெளிச்சத்தில்தான் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து அதையும் அணைத்துவிடுங்கள். காலை அசைக்க வேண்டாம். மணலில் சரசரவென்று கேட்கிறதா?

எந்தப் பக்கம் போகிறது?