செயலிக்கும் கூலி உண்டு

கிழக்கு வெளுக்கும் முன்பே மஹ்ரீனுக்கு வேலை தொடங்கிவிடும். எந்த வேன் பழுது, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த வண்டியில் மாறி ஏற வேண்டும் என்று டிரைவர்கள் போனில் சொல்லச் சொல்ல, பள்ளிச் செயலியில் ஒவ்வொன்றாக மாற்றுவாள். கண் எரியும், முதுகு கடுக்கும். பிளஸ் டூ பாடம் ஒரு பக்கம் கிடக்கும். அதே நேரத்தில் அடுத்த தெருவில், அவள் தோழி யோகேஸ்வரியின் அம்மா ஆவுடைத்தாய் பட்டாசுக் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பாள்.

தாங்கள் படிக்கும் பள்ளிக்காக அந்தச் செயலியைத் தோழிகள் இருவரும் சேர்ந்து செய்தார்கள். முதலில் ஒரு பிசகு. பிள்ளை வீடு சேர்ந்த செய்தி அம்மாவின் போனுக்குப் போனது. போனோ கம்பெனி வாசலில் கூடைக்குள் கிடந்தது. வெடிமருந்து புழங்குகிற இடத்துக்குள் போனை யார் விடுவார்கள்? தினமும் அம்மாவைப் பார்க்கிற யோகேஸ்வரிக்கே அது உறைக்கவில்லை. பிறகு வாசல் போனுக்கே அழைப்பு போகும்படி மாற்றினார்கள். "ஆவுடைத்தாய், சின்னவன் வந்துட்டான்" என்று வாட்ச்மேன் குரல் கொடுத்த பிறகுதான் திரி செருகுகிற கைக்கு நிதானம் வரும்.

பெற்றோரிடம் காசு கேட்கலாம் என்று யோகேஸ்வரி சொன்னபோதெல்லாம் மஹ்ரீன் மறுத்தாள். "உங்கம்மாகிட்டயா வாங்கச் சொல்றே?"

ஒருநாள் ஆவுடைத்தாயே கேட்டாள். "செயலிக்குன்னு பள்ளிக்கூடத்துல எங்ககிட்டத் துட்டு வாங்குறாகளே, உங்களுக்குத்தானே தாயி வருது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு பைசாகூட வந்ததில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதையல்லவா இது.

இருவரும் போய்க் கேட்டபோது பள்ளித் தாளாளர் ராஜபாண்டியன் நாற்காலியை விட்டு அசையவில்லை. "படிக்கிற பிள்ளைக துட்டுக்கு அலையலாமா? இது சேவைம்மா."

"சேவைன்னா அம்மாக்கள்கிட்ட ஏன் சார் வாங்குறீக?" என்றாள் மஹ்ரீன்.

"அது பராமரிப்புக்கு."

"பராமரிக்கிறது நாங்கதான் சார். அவுககிட்ட வாங்காதீக. பள்ளிக்கூடம் எங்களுக்குக் கொடுக்கட்டும்."

"நடத்தைச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுறது நான். பாஸ்வேர்டை ஆபீஸ்ல கொடுத்துட்டுப் போங்க."

கொடுக்காமல் வந்துவிட்டார்கள். அன்று மாலை ஆவுடைத்தாய் வீட்டில் கம்பெனிக்குப் போகும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடினார்கள்.

"செயலியை நிப்பாட்டிருவோம்" என்றாள் யோகேஸ்வரி.

"அவருக்கா நோகும்? சேதி வரலைன்னா கம்பெனிக்குள்ள இருக்கிற ஆவுடைத்தாய் அத்தைக்குத்தான் கை பதறும். மருந்துகிட்டக் கை பதறுனா என்ன ஆகும்?" யாரைப் பகைப்பது, யாரைக் காப்பது என்று மஹ்ரீனுக்குப் புரியவில்லை.

ஆவுடைத்தாய் மற்றப் பெண்களைப் பார்த்தாள். "செயலியை நிப்பாட்டுற அன்னிக்கு நாம கம்பெனிக்குப் போக வேண்டாம். பிள்ளைகளை நாமளே கூட்டிட்டுப் போவோம். தீபாவளி சீசன் நேரம், கம்பெனிக்காரன் கத்துவான். கத்தட்டும்."

மறுநாள் செயலி ஓடவில்லை. பள்ளி வாசலில் வேன்கள் குழம்பி நின்றன. பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நகக்கண்ணில் ஒட்டிய பட்டாசு வெள்ளிப்பொடி வெயிலில் மின்னியது. ராஜபாண்டியன் வெளியே வந்தார்.

"முதல்ல செயலியைப் போடும்மா. அப்புறம் பேசிக்கலாம்."

மஹ்ரீனுக்குச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. "இங்கனயே பேசுவோம் சார். எல்லாரும் இருக்காக."

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "சின்னப் பிள்ளைக பேச்சைக் கேட்டு ஒரு நாள் கூலியைக் கெடுத்துக்கிட்டீகளே."

"ஆமா சார். கூலியோட அருமை எங்களுக்குத் தெரியும். அதான் வந்திருக்கோம்" என்றாள் ஆவுடைத்தாய்.

அவர் உள்ளே போனார். பிள்ளைகள் நுழைந்ததும் கேட்டைச் சாத்தச் சொன்னார். பெண்கள் வீட்டுக்குப் போகாமல், சாத்திய கேட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். மஹ்ரீனும் யோகேஸ்வரியும் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார்கள்.