மசவூதாவின் வலது கை

என் தங்கை யம்னா தூனிஸ் நகரத்தில் பெரிய சிற்பி. பெரிய என்றால், பத்திரிகையில் படம் வருகிற அளவுக்கு. கறுப்பு உடம்பைத்தான் செய்வாள். முதுகு, கழுத்து, பாதம், எல்லாம் அவள் உடம்பிலேயே அச்செடுத்தவை. போன குளிர்காலத்தில் எங்கள் ஊர் காபெஸுக்கு வந்து அம்மாவின் வலது கையைக் கேட்டாள்.

அந்தக் கை ஊருக்கே பொது. கறுப்பியைத் தொட்டால் கண்ணேறு கழியும் என்று எங்கள் ஊர் வெள்ளைத் தோல்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு முன்னால் சாம்பிராணிச் சட்டியோடு நடக்க என் அம்மா மசவூதாதான் வேண்டும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வழியில் மறித்து விரலைத் தடவிவிட்டு ஓடும். கேட்டுத் தொட்டவர் ஒருவரும் இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே நிற்பாள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டம் கொடுத்த கை, எங்களுக்கு ஒழுகாத கூரை ஒன்று கொடுக்கவில்லை.

அதனால் அம்மா யம்னாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பாக்கட்டும். ஆனா ஒருத்தரும் தொடக்கூடாது. என் கையைத் தொடாம சும்மா பாக்கறதை நான் ஒரு தடவையாவது பாக்கணும்டி."

எங்கள் பக்கத்து வழக்கப்படி யம்னா ரொட்டியைக் கையில் தூக்கிச் சத்தியம் செய்தாள். பிறகு ஆலிவ் எண்ணெய் தடவி, சுண்ண மாவுக் கூழில் நனைத்த துணியைச் சுற்றி, அரை மணி நேரம் அம்மாவை அசையாமல் உட்கார வைத்தாள். சாம்பிராணிச் சட்டி சுட்ட தழும்புகூட அச்சில் விழுந்திருந்தது.

கண்காட்சி திறப்பன்று நானும் அம்மாவும் ரயிலில் தூனிஸுக்குப் போனோம். வெள்ளைத் தூணின் மேல் கறுப்புச் சாயம் பூசிய அந்தச் சுண்ணாம்புக் கை மட்டும் இருந்தது. சுற்றிக் கயிறும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஆனாலும் முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. சனங்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். அம்மா மூலையில் நின்று அவர்களைப் பார்த்தாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் கண்டதே இல்லை.

பிறகு நிறைமாதக்காரி ஒருத்தி அந்த விரல்களைத் தடவி, தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளும் தொட்டாள். போட்டோக்காரன் இன்னொரு தடவை தொடச் சொன்னான். நான் ஓடிப்போய் யம்னாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"விடுக்கா. அவங்க தொடறதுக்காகத்தான் இந்தச் சிற்பமே. அவங்க அசிங்கம் வெளிய வரட்டும்."

"அப்ப ரொட்டியைத் தூக்கிச் சத்தியம் பண்ணியே, அது?"

படுபாவி, கயிறு கட்டாமல் விட்டது மறதியால் அல்ல.

அம்மா எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூணருகே போனாள். போர்வையை முழங்கைவரை ஒதுக்கித் தன் கையை நீட்டினாள்.

"அது வெறும் சுண்ணாம்பும்மா. இதைத் தொடுங்க."

இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். நிறைமாதக்காரிதான் முதலில் தொட்டாள். பின்னால் வரிசை கட்டிவிட்டது. ஒவ்வொருவரையும் பார்த்து அம்மா கல்யாண வீட்டில் சிரிப்பதுபோலவே சிரித்தாள்.

யம்னாவுக்கு அப்போதுதான் முகம் செத்தது. ஓடிவந்து, போதும்மா, போகலாம் என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள். முகத்தில் அதே சிரிப்பு.

"வரிசையில வாங்கம்மா," என்றாள்.