வாய் நிறையச் சொன்ன நல்ல வார்த்தை

சரண்யாதேவி செய்த ஒரே தப்பு, ஒருத்தியை வாய் நிறையப் பாராட்டியதுதான். பாராட்டினால் ஒருத்தி பிழைப்பில் மண் விழும் என்று அவள் என்ன கனவா கண்டாள்?

வில்லாபுரத்தில் வாடகை வீடு. புருஷன் அருண்பாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்; மாதம் ஒருதரம் வந்து முகம் காட்டிவிட்டுப் போவான். இவளுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. ராத்திரி எட்டு மணி வரைக்கும் நின்ற கால் நின்றபடிதான். பிள்ளை சித்தார்த்துக்கு மூன்று வயது. அவனைப் பார்த்துக்கொள்ள இரண்டு பக்கமும் நாதியில்லை.

முதலில் ஒரு தொண்டு நிறுவனக் காப்பகத்தில் விட்டாள். அன்பான ஆட்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். என்ன, நன்கொடை கொடுக்கிறவர்கள் வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பி, வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுப்பார்கள். அவர்கள் வருவது நின்றது, காப்பகத்தையும் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் தெருமுனை அங்கன்வாடி.

அங்கே ஆயா சீனியம்மாள். தனிக்கட்டை. சேர்க்கப்போன அன்றைக்கே, "ஒன் பழைய சேலை ஒண்ணு கொண்டா தாயி. துவைக்காமக் கொண்டா" என்றாள்.

"அழுக்குச் சேலையாக்கா?" சரண்யாவுக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஆமாங்கிறேன். மத்தியானம் படுக்கையில ஆத்தா வாசம் இருந்தாத்தேன் புள்ளைக ஏங்காதுக."

அங்கே எல்லாப் பிள்ளையும் அதனதன் அம்மா சேலையில்தான் தூங்கும். சித்தார்த் சரண்யாவின் ஊதாச் சேலையில் முகத்தைப் புதைத்தானென்றால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான்.

ஆனால் மூன்றரை மணிக்கெல்லாம் அங்கன்வாடியைப் பூட்டிவிடுவார்கள். எட்டு மணி வரை பிள்ளை எங்கே போவான்? வேலையை விட்டுவிடலாமா என்று சரண்யா கண்ணைக் கசக்கியபோது, சீனியம்மாள் பிள்ளையை இடுப்பிலும் சேலையைக் கக்கத்திலுமாக இடுக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. சரண்யா வந்து தூக்கும்போது பிள்ளை வாயில் ரசஞ்சோறு மணக்கும். ஏதாவது கொடுக்கப் போனால், "போடி, சோத்துக்கு வெல பேச வந்துட்டா" என்று விரட்டுவாள்.

அப்போதுதான் கருத்துக் கேட்க ஒரு பெண் வந்தாள். கையில் டேப்லெட். அரசு, தொண்டு நிறுவனம், தனியார் என்று எங்கே பிள்ளையை விட்டவர்களுக்குத் திருப்தி அதிகம் என்று கேட்கிறார்களாம். மற்ற அம்மாக்கள் "நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். நம் சரண்யாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அங்கன்வாடிதான் மேடம்! மூணரைக்குப் பூட்டுனாலும் சீனியம்மாக்கா எம் புள்ளைய அவுக வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிருவாக. நான் வர்ற வரைக்கும் அவுகதேன் சோறூட்டுவாக. பெத்தவ கூட இம்புட்டுப் பாக்க மாட்டா. எழுதிக்கங்க, அவுக பேரையும் எழுதிக்கங்க!"

அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். பாவி, எழுதாமல் இருந்திருக்கக் கூடாதா?

அதைப் படித்துவிட்டு மேலே இருப்பவர்கள் கேட்டது ஒரே கேள்வி. மையத்துப் பிள்ளையை ஆயா எப்படித் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? கேள்வியில் தப்பில்லைதான். சீனியம்மாளைத் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவள் வீட்டைக் காலி செய்து போனதே சரண்யாவுக்குக் கடைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் தெரியும். மையத்து டீச்சர் வைத்திருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு தெருவில் நின்று அழுதாள்.

இப்போது சித்தார்த் தனியார் பிளே ஸ்கூலில் இருக்கிறான். ஏசி உண்டு, எட்டு மணி வரை பார்த்துக்கொள்வார்கள், கேமராவில் பிள்ளையைப் போனிலேயே பார்க்கலாம். சரண்யா கொடுத்தனுப்பிய வேறொரு பழைய சேலையை, "ஹைஜீனிக் இல்ல மேம்" என்று கவரில் போட்டுத் திருப்பிவிட்டார்கள். மத்தியானம் கடையில் சேலைக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்து போனைப் பார்ப்பாள். எல்லாப் பிள்ளையும் தூங்கும். அவள் பிள்ளை மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பான். அழக்கூட மாட்டான். அதுதான் அவளைக் கொன்றது. திருப்தியா என்று ஸ்கூலின் போன் ஆப்பில் கேட்டால் ஐந்து ஸ்டாரையும் அமுக்கிவிடுவாள். ஒரு வார்த்தை எழுதமாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் அவளுக்கு விடுமுறை. அன்றைக்கு லீவு போட்டுக்கொண்டு சீனியம்மாள் வந்தாள். இளைத்திருந்தாள். சரண்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனாள்.

"நாந்தேங்க்கா சொன்னேன். நல்லாப் பாக்குறீகன்னுதேன் சொன்னேன்."

"தெரியும்த்தா. சூப்பர்வைசர் வாசிச்சுக் காட்டுனாக. பெத்தவ கூட இம்புட்டுப் பாக்க மாட்டான்னு வாசிச்சாக பாரு, எனக்குப் பொலபொலன்னு கண்ணீரு வந்துருச்சு. என்னைய யாரும் அப்படிச் சொன்னதில்லையே. மெடல் தரப்போறாகன்னு நெனச்சேன்டி." சிரித்தாள். "பெறகு பாத்தா, மாத்தலுன்னு கையில குடுக்குறாக."

சீனியம்மாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்கடி எம் புள்ள?"

சித்தார்த் கதவோரம் நின்றான். பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி கையைக் கட்டிக்கொண்டு, "குட் ஈவ்னிங் மேம்" என்றான்.

சீனியம்மாள் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். பைக்குள்ளிருந்து ஊதாச் சேலையை எடுத்துச் சரண்யாவிடம் கொடுத்தாள். "அவசரத்துல எஞ்சாமானோட வந்துருச்சு. துவைக்கல. ராத்திரி மட்டும் தலைக்கு வச்சுக்கிட்டேன், தப்பா நெனச்சுக்காத."

இருட்டினால் பஸ் சிக்காது என்று உடனே கிளம்பிவிட்டாள். தெருமுனை திரும்பும் வரைக்கும் சரண்யா பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே வந்தால் சித்தார்த் தரையில் சேலையை விரித்துக் குப்புறப் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். சேலையில் முகத்தை அழுத்தித் தேய்த்து, "ஆயா" என்றான். அவள் கையைத் தள்ளிவிட்டு, அப்படியே தூங்கிப்போனான்.