மாத்திரை நேரம்

காலையில் சுலைகாவுக்கு ஒன்றும் இருக்காது. சுபுஹு தொழுதுவிட்டுத் தண்ணீர் எடுப்பாள், பிள்ளைகளுக்குப் பசியாறச் செய்வாள். வெயில் ஏற ஏற இடது கண்ணின் இமை இறங்கும். மாலையில் அஸர் பாங்கு கேட்கும்போது இரண்டு கண்ணும் பாதி மூடியிருக்கும். பேச்சு மூக்கால் வரும். தலை வாரக் கையைத் தூக்கினால் சீப்போடு கை மடியில் விழும். ராத்திரிச் சோற்றைத் தாடையை விரலால் தாங்கிக்கொண்டுதான் மென்றாக வேண்டும். படுத்து எழுந்தால் மறுபடி நல்ல பெண்.

மகன் நெய்னா பிறந்த பிறகு இப்படி ஆனது. அவள் கணவன் ஹாஜா முகைதீன் தொண்டிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். முதலில் பயந்தான். தாயத்து கட்டினான், ஓதின தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். பிறகு சலித்துப்போனான். மாமியார் உம்மு ஹபீபா ஒருநாளும் பயப்படவில்லை.

"நோவுன்னா நாள் பூராம் இருக்கும். இது பாத்திரம் கழுவுற நேரம் பாத்துல்ல வருது," என்றாள்.

இராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். முதல் பஸ்ஸில் போனதால் இன்னும் காலைப் பொழுதாகவே இருந்தது. டாக்டர் அவளை மேலே பார்க்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், முட்டியில் தட்டினார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு."

"அந்தியில பாருங்க டாக்டரய்யா. அப்பத்தான் தெரியும்," என்றாள் சுலைகா.

அவர் அவள் கணவனிடம் திரும்பினார். "இது மனசு பண்ற வேலை. நீங்க எல்லாரும் தாங்கத் தாங்க கூடிக்கிட்டே போகும். கண்டுக்காம விடுங்க, தானா சரியாயிரும்."

அன்று முதல் வீடு அதை மருந்தாகவே கடைப்பிடித்தது. அவள் கையிலிருந்து குடம் நழுவினால் யாரும் எழுவதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது சோறு புரையேறி, குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. மூச்சுக்குத் திணறியபடி அவள் தரையைத் தட்டினாள்.

"பாக்காதிய," என்றாள் உம்மு ஹபீபா, தன்னைப் பெத்தம்மா என்று கூப்பிடும் பேரப்பிள்ளைகளிடம். "பாத்தா கூடுமாம்."

பிள்ளைகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மூத்தவள் நஃபீசா கொஞ்சம் வளர்ந்ததும், கண்ணைச் சொருகி மூக்கால் பேசித் தெருப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கப் பழகிக்கொண்டாள்.

வருஷங்கள் இப்படிப் போயின. மதுரையில் சைக்கிள் கடை வைத்திருந்த சுலைகாவின் அண்ணன் ஜெய்னுலாபுதீன் ஒரு பெருநாளுக்கு வந்தான். மாலையில் தங்கையின் முகத்தைப் பார்த்தவன், மச்சானோடு சண்டை போட்டு அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஹாஜா முகைதீனும் கூடப் போனான்.

அங்கேயும் காலையில் வந்த டாக்டர்கள் பழைய பேச்சையே பேசினார்கள். ஆனால் படுக்கை கொடுத்திருந்ததால் சாயங்காலமும் அவள் அங்கே இருந்தாள். விளக்குப் போடும் நேரத்தில் வேறொரு டாக்டர் வந்தார். மனப்பாடமாகத் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னார். அவள் குர்ஆனிலிருந்து ஒரு சூராவை ஓதினாள். திரும்பத் திரும்ப ஓதச் சொன்னார். குரல் தேய்ந்துகொண்டே வந்து கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. அவர் ஓர் ஊசி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் இமைகள் ஏறின. சுலைகா கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். அண்ணன் கொடுத்த ரொட்டியைத் தாடையைத் தாங்காமல் மென்று விழுங்கினாள்.

"நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேரலை. மயஸ்தீனியான்னு பேரு," என்றார் டாக்டர். "ஊசி கொஞ்ச நேரம்தான் தாங்கும். மாத்திரை இருக்கு, ஆயுசுக்கும் சாப்பிடணும். சாப்பாட்டுக்கு முன்னாடி கட்டாயம் குடுங்க, இல்லேன்னா சோறு மூச்சுக்குழல்ல போயிரும்."

சுலைகா கண்ணை முழுசாகத் திறந்து கணவனைப் பார்த்தாள். "கேட்டியளா மச்சான்? பேரு இருக்கு இதுக்கு."

ஹாஜா முகைதீன் கட்டிலை விட்டுத் தள்ளி நின்றான். "ஒரு ஊசியில எந்திரிச்சு உக்காந்துட்ட. இத்தன வருஷமா எங்களச் சீரழிச்சது இதுக்குத்தானா?"

ஊசியின் வலு இறங்கி அவள் முகம் மறுபடி தொங்கியபோது அவன் அங்கே இல்லை. கடையைப் பார்க்கவேண்டும் என்று ஊர் திரும்பியிருந்தான்.

மாத்திரைகளை வாங்கித் தருவது அண்ணன் பொறுப்பு என்று ஆனது. தொண்டிக்கு வந்த சீசாவை உம்மு ஹபீபா வாங்கித் தன் பெட்டியில் பூட்டினாள். சில நாளிலேயே ஒன்றைக் கண்டுகொண்டாள். மாத்திரை உள்ளே போனால் மருமகள் மாவு இடிக்கிறாள், தண்ணீர் இறைக்கிறாள். அதன்பிறகு வேலைக்கு முன்னால் மட்டும் பெட்டி திறந்தது.

"சாப்பிடுறதுக்கு ஒண்ணு குடுங்க மாமி. விழுங்க முடியல," என்று சுலைகா கேட்டாள்.

"கஞ்சியக் குடி. அதுக்கு எதுக்கு மாத்திர?"

ஹாஜா முகைதீன் அதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டான். அவனுக்குப் பக்கத்து ஊரில் வேறு பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுலைகா மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கப் பழகினாள். மாமியார் நகர்ந்ததும் துப்பி, பாதி கரைந்ததை முந்தானையில் முடிந்துகொள்வாள். அந்த நாட்களில் மருந்தில்லாமல் மாவு இடித்தாள். உலக்கை கையைவிட்டுச் சரியும். உம்மு ஹபீபா அகப்பைக் காம்பால் அவள் கை முட்டியில் அடிப்பாள். அடிபட்ட கையாலேயே மறுபடி தூக்குவாள்.

ஒரு மதியம், லுஹர் நேரம், மாமியார் தொழுகையில் நின்றபோது, சேர்த்ததில் கொஞ்சத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். கண் திறந்ததும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த நஃபீசாவின் கையைப் பிடித்தாள்.

"வாம்மா, மதுரைக்கு மாமா வீட்டுக்குப் போவோம்."

நஃபீசா கையை உருவிக்கொண்டாள். "இப்ப மட்டும் நல்லாப் பேசுறிய. பெத்தம்மா சொன்னது சரிதான். நீங்க நடிக்கிறிய."

"இல்லம்மா, மாத்திர போட்டா இப்படித்தான்..."

"நான் வரல."

நின்று விளக்க நேரமில்லை. மாத்திரையின் வலு போவதற்குள் பஸ்ஸில் ஏறியாக வேண்டும். சுலைகா நடந்தாள். பஸ் புறப்பட்டுக் கடைத்தெரு வழியே போனபோது, ஜவுளிக்கடைப் படியில் நெய்னா உட்கார்ந்திருந்தான். அவள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் தெளிவாகத்தான் வந்தது. மதியத்துக்கு மேல் அவளுடைய தெளிவான குரல் அவனுக்குப் பழக்கமில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

ஹாஜா முகைதீன் அவளைத் தேடி வரவில்லை. நடந்து போகத் தெரிந்தவளுக்கு நடந்து வரவும் தெரியும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். அவள் வரவில்லை என்றதும் பக்கத்து ஊர்ப் பெண்ணோடு அவனுக்கு நிக்காஹ் நடந்தது. பிள்ளைகளைப் பார்க்க விடவில்லை.

மதுரையில் மாத்திரைச் சீசா அவள் தலைமாட்டிலேயே இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். அழுதால் இமை சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், பிள்ளைகளை விடிகாலையில் மட்டும் நினைத்துக்கொண்டாள்.