நிதானம் சாரின் வாளி

அந்த வாகனப் பயிற்சிப் பள்ளியில் ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் ஒரு நீல வாளி இருக்கும். உள்ளே தண்ணீர் இருக்காது. ஓட்டக் கற்க வருபவர் முதலில் குனிந்து, மனதிலுள்ள கோபம், கவலை, காதல் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி அதில் ஊற்ற வேண்டும். பிறகுதான் சாவியைத் தொடலாம். ஊற்றியும் மனம் அடங்கவில்லையென்றால் அன்றைக்குப் பாடம் கிடையாது. இதைக் கண்டுபிடித்தவர் தலைமைப் பயிற்சியாளர். ஊரே அவரை நிதானம் சார் என்றது. அவரும் அந்தப் பெயரை மறுக்காமல், தன் காரின் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார்.

அவருடைய சொந்தக் காருக்குப் பக்கத்தில் மட்டும் வாளி இல்லை. வைத்தியர் கண்ணாடி முன் நின்று தன் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொள்வாரா என்ன?

அன்று காலை அவருடைய சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. வீடு அதிரக் கத்தினார். மனைவி ஊசியைத் தேடிக்கொண்டே, "வர்றப்ப அந்த வாளியில ஒண்ணு நம்ம வீட்டுக்கும் எடுத்துட்டு வாங்க" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் தம்பிக்குச் சிரிப்பில் புரையேறியது. நிதானம் சாருக்குப் பதில் வரவில்லை. வேறொரு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பதிலுக்கு, கார்க் கதவை ஓங்கிச் சாத்தினார்.

வழி நெடுகப் பதிலைத்தான் தேடினார். ஒன்று சப்பென்று இருந்தது. இன்னொன்று காரமாக இருந்தாலும் நீளம். பெரிய சந்திப்பை நெருங்கும்போது சரியான பதில் வந்து விழுந்தது. மைத்துனன் முகம் சுருங்குவதையும் மனக்கண்ணில் பார்த்துவிட்டார். தனியாகச் சிரித்தார். ஸ்டியரிங்கிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிவதை அதற்கப்புறம்தான் பார்த்தார்.

குறுக்கே வந்த ஸ்கூட்டர் பதறி நின்று சரிந்தது. கார் அதைத் தொடவில்லை. ஓட்டி வந்த பெண் கையை ஊன்றி விழுந்தாள்.

"மன்னிச்சிருங்க சார், நான்தான் பயந்து சட்டுனு பிரேக் பிடிச்சிட்டேன்."

கூட்டம் கூடியது. யாரோ பின்கண்ணாடியைப் படித்தார்கள். "அட, நம்ம நிதானம் சாரு! வேற எவனாவதா இருந்தா நிக்காமப் போயிருப்பான்."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஒரு நொடிதான். ஆனால் அந்த நேரத்தில் மூடிய வாய் துருப்பிடித்த பூட்டு மாதிரி; பிறகு எளிதில் திறக்காது.

அவரே அவளைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அவள் தையல்காரி. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பள்ளிச் சீருடைகள் வெட்டியபடியே வீட்டில் கிடந்தன. மருத்துவமனைக்கு ஓடிவந்த அவள் கணவன் முதல் வேலையாக ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? இனிமே வண்டியைத் தொட்ட, பாரு. வித்துடப் போறேன்." பிறகு நிதானம் சாரைப் பார்த்துக் கைகூப்பினான். "தெய்வம் மாதிரி வந்தீங்க சார்."

தெய்வம் அன்று மாலை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனது. மறுநாளும் போனது. வாயால் சொல்ல வேண்டியதைப் பையில் போட்டுச் சுமந்தது. வீட்டில் மனைவி அந்தச் சட்டைக்குப் பொத்தான் தைத்து மடித்து வைத்திருந்தாள். அவரால் அதைப் போட்டுக்கொள்ள முடியவில்லை.

பள்ளி முதலாளிக்கு விஷயம் எட்டியதும் ஒரு யோசனை பிறந்தது. "பாதுகாப்புக் கூட்டத்துக்கு அந்தம்மாவையே கூட்டிட்டு வாங்க. கவனக்குறைவுன்னா என்னன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும்." தையல்காரியும், சார் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று சம்மதித்தாள்.

மேடையில் வாளிக்கு ரிப்பன் கட்டியிருந்தது. முதலாளி மைக்கை நீட்டினார். "அன்னைக்கு மனசுல என்னம்மா ஓடிட்டு இருந்துச்சு? கூச்சப்படாம ஊத்துங்க."

அவள் கட்டுப் போட்ட கையோடு குனிந்தாள். யோசித்தாள். "ஒண்ணும் ஓடலையே சார். பச்சை விழுந்துச்சு, கிளம்பினேன்."

"நல்லா யோசிங்க. ஏதாவது இருக்கும்."

அவள் முகம் வாடியது. "இருக்கும் சார். என் மேலதான் ஏதாவது தப்பு இருக்கும்." முதல் வரிசையில் கணவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினான்.

நிதானம் சார் எழுந்துவந்து மைக்கை வாங்கிக்கொண்டு வாளியின் முன் மண்டியிட்டார். "அவங்களுக்குப் பச்சைன்னா எனக்குச் சிவப்பு. என் கண்ணுல அது படலை. வீட்டுச் சண்டையை மனசுல ஓட்டிக்கிட்டே காரையும் ஓட்டினேன். தப்பு என்னுது."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "நடிச்சே காட்டிட்டாரு பாருங்க!" என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிதானம் சார் மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கிக் கணவன் முன் நின்றார். "இது நடிப்பில்ல தம்பி. நிஜம். நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன்லயும் இதையே சொல்றேன்."

கணவன் நாற்காலியை விட்டு எழுந்தான். "அன்னைக்கே சொல்றதுக்கு என்ன சார்?"

"வாய் வரலை."

"ஆப்பிள் மட்டும் வந்துச்சு."

மேடையிலிருந்து இறங்கிவந்த மனைவியின் இடது கையில் அவன் சாவியை வைத்தான். அவளைப் பார்க்க அவனுக்கும் முகமில்லை. அவள் நிதானம் சாரிடம் சொன்னாள்: "இத்தனை நாளா என்னை நானே திட்டிக்கிட்டிருந்தேன் சார்."

அவரை அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

காருக்கு வந்தார். பின்கண்ணாடியில் இருந்த எழுத்துகளை நகத்தால் சுரண்டினார், பாதிதான் வந்தது. உள்ளே உட்கார்ந்தார். சாவியைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு மனைவியைப் போனில் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னார்.

"வர நேரமாகும். மனசு சரியில்லை. கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன். அடங்கலைன்னா காரை விட்டுட்டு பஸ்ல வர்றேன்."

"சரி." பிறகு அவள் கேட்டாள்: "அப்படி என்னதான் பதில் கிடைச்சுது உங்களுக்கு?"

தயங்கித் தயங்கிச் சொன்னார். "உன் தம்பி வாயை மூடவே அந்த வாளி பத்தாது, வீட்டுக்கு எங்க மிஞ்சும்னு..."

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"இதுக்கா ஒரு பொண்ணு கை உடைஞ்சுது?"

"இதுக்குத்தான்."

சாவி பக்கத்து இருக்கையிலேயே கிடந்தது.