ஒற்றைக்கால் பூதமும் லாண்டரிக்கடைப் பிள்ளைகளும்

துணி துவைக்கிற மெஷினை நம்பக் கூடாது. நாலு ஜோடி சாக்ஸ் உள்ளே போனால் மூன்றரை ஜோடிதான் வெளியே வரும். மீதி எங்கே என்று கேட்டால், பால் குடித்த பூனை மாதிரி கம்மென்று உட்கார்ந்திருக்கும். லாண்டரிக்கடைக்காரர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், துணை தொலைந்த சாக்ஸை எல்லாம் மூலையில் ஒரு கூடையில் போட்டுவைத்தார். கூடை நிரம்பினால் பழந்துணிக்காரர் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவார்.

லாண்டரிக்கடைக்காரருக்கு இரண்டு பிள்ளைகள். மகளைப் ‘பெரிசு’ என்பார், மகனைச் ‘சின்னது’ என்பார். ஒரு நாள் சாயங்காலம் சின்னது சும்மா இருக்காமல் கூடைக்குள் தலையை விட்டான். தலைக்குப் பின்னாலேயே உடம்பும் போனது. செருப்பு மட்டும் வெளியே கிடந்தது.

“அப்பா, தம்பி கூடைக்குள்ள போயிட்டான்.”

“பசிச்சா வருவான். நீ அந்தச் சட்டையை மடி. பழந்துணிக்காரர் தெருமுனைக்கு வந்துட்டார்.”

பெரிசு சட்டையைக் கீழே போட்டாள். கூடையைக் கொட்டிவிட்டால் தம்பி திரும்பி வர வழி ஏது? அவளும் குதித்தாள்.

உள்ளே ஊரே சாக்ஸ். கம்பளி சாக்ஸில் மலை, கோடு போட்ட சாக்ஸில் வேலி. சின்னது ஒரு பள்ளிக்கூடத்துச் சாக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“நாறுதேன்னு சொன்னேன்க்கா, அதுக்குக் கோவம் வந்துருச்சு.”

அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊர் வாசலுக்கு ஓடினாள். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பூதம் நின்றது.

“கதவைத் திறங்க. நாங்க போகணும்.”

“வர்றவங்களுக்குத்தான் திறப்பேன். போறவங்களுக்குத் திறக்கிற வழக்கமில்ல. இது ஒத்தைங்க ஊரு. பேசாம இருங்க.”

“நாங்க ஜோடி,” என்றான் சின்னது.

பூதம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தது. “ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. ஒண்ணுக்கு மூக்கு வேற ஒழுகுது. இதுவா ஜோடி? யார்கிட்ட கதை விடுறே?”

பெரிசு கெஞ்சினாள், மிரட்டினாள். பூதம் ஒற்றைக்காலில் நின்றது. அதற்கு இருந்ததே ஒரு கால்தான்.

அப்போது மேலே கூடை ஆடியது. பழந்துணிக்காரர் செருமுகிற சத்தம் கேட்டது. பெரிசுக்குக் கோபம் தலைக்கேறியது.

“உங்ககிட்ட பேசி வாய்தான் வலிக்குது. எங்கயாவது ஓட்டை இருக்கும், நாங்களே தேடிக்கிறோம். சரி, வரோம்.”

எவ்வளவு கோபம் இருந்தாலும், கிளம்பும்போது வாயில் அதுதானே வரும்?

பூதத்தின் முகம் பூரித்துப்போனது. “வரீங்களா? இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? வாங்க, வாங்க.” கதவை விரியத் திறந்தது.

“அக்கா, நாம போறோம்னுதானே...” என்று சின்னது ஆரம்பித்தான். பெரிசு அவன் வாயைப் பொத்தி ஒரே தள்ளாகத் தள்ளி, தானும் பாய்ந்தாள்.

இருவரும் கடைத் தரையில் வந்து விழுந்தார்கள். கூடையைத் தூக்கவந்த பழந்துணிக்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

“என்ன அண்ணாச்சி, புள்ளைங்களையும் பழந்துணியோட சேர்த்தாச்சா?”

கூடைக்குள்ளிருந்து பூதம் புலம்பியது: “வரோம்னு சொல்லிட்டுப் போறியே பாப்பா, இது நியாயமா?”

பெரிசு தம்பியின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூடைக்குள் குனிந்தாள்.

“வரோம்னுதான் சொன்னேன். எப்பன்னு சொன்னேனா?”