பணிநிறைவு மலரின் பதிப்பாசிரியை

பேராசிரியர் ஸ்ரீகண்டனுக்குப் பணிநிறைவு மலர் போட வேண்டும் என்ற எண்ணம் முதலில் தோன்றியது பேராசிரியர் ஸ்ரீகண்டனுக்குத்தான். ஆனால் தன்னைப் புகழும் புத்தகத்துக்குத் தானே பதிப்பாசிரியராக இருந்தால் நாலு பேர் சிரிப்பார்களே. அதனால் அட்டையில் ஜெஸ்லினின் பெயர் ஏறியது.

ஜெஸ்லின் அவரிடம் ஆங்கில இலக்கியத்தில் ஆய்வு செய்கிறாள். சாலைக் கடைவீதியில் லாரியிலிருந்து இரும்புக் கம்பி இறக்கும் சுமைதூக்கி மகாராஜாவின் மகள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆய்வேட்டை எழுதி முடித்து மாதங்களாகின்றன. சாரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"மலர் வெளிவரட்டும்மா, அன்னிக்கே போட்டுத் தரேன். நான் எங்க ஓடிப் போறேன்?" என்றார் ஸ்ரீகண்டன், கரமனை வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு.

சார் பெரிய மனிதர். ஆங்கிலப் பேராசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர். அவர் தொகுத்த நூல்களில் அவர் எழுதியது முன்னுரை மட்டும். முன்னுரையில் எழுதியது தன்னைப் பற்றி மட்டும். கடைசியாக, கட்டட வேலைக்காரர்களைப் பற்றிய ஒரு தமிழ் நாவலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அவர் ஆங்கிலத்தில் சாந்துச் சட்டி சுமக்கிற பெண்கள், பிரபு வீட்டு விருந்தில் உப்பை நகர்த்தித் தரச் சொல்வதுபோலச் சண்டை போடுவார்கள்.

ஏழாம் அத்தியாயம் மட்டும் அப்படியில்லை. அதில் குழாயடியில் இரண்டு பெண்கள், ஒருத்தியின் பரம்பரையை இன்னொருத்தி இழுத்துப் போட்டுக் கிழிப்பார்கள். சாருக்கு அது பிடிபடவில்லை. "நீங்கள்லாம் பேசற பாஷைதானே, நீயே பண்ணிடேன்" என்று ஜெஸ்லினிடம் தள்ளிவிட்டார். அவள் செய்து கொடுத்தாள். புத்தகம் வந்தபோது நன்றி சொன்ன பக்கத்தில் சாரின் கண் டாக்டர் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

மலருக்குக் கட்டுரைகள் வந்தன. எல்லோரும் ஒரே பாட்டைப் பாடியிருந்தார்கள், பத்மப்ரியா டீச்சரைத் தவிர. வேறு கல்லூரியில் ஓய்வு பெற்றவர், யாருக்கும் பயப்பட அவசியமில்லாதவர். சாரின் மொழிபெயர்ப்பைப் பக்கம் பக்கமாக உரித்துத் தொங்கவிட்டிருந்தார். ஒரே ஒரு பத்தியில், ஏழாம் அத்தியாயத்தைப் படித்து அசந்துபோனதாக எழுதியிருந்தார்.

ஸ்ரீகண்டன் சிவப்புப் பேனாவை எடுத்தார். மொத்தத்தையும் அடித்துவிட்டு அந்தப் பத்தியை மட்டும் பிழைக்க விட்டார்.

"இதப் பின்னட்டையில போட்டுடு. எடிட்டிங்னா இதான், கேட்டியா?"

"அது நான் செஞ்ச அத்தியாயம்லா சார்."

"என் பேர்லதானே வந்திருக்கு? நோக்குக் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். போட்டாள்.

கரமனைக் கல்யாண மண்டபத்தில் விழா. மலரைப் புரட்டிப் பார்த்ததுமே பத்மப்ரியா மலையாளம் கலந்த தமிழில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எடிட்டர் நீயல்லே? நன்னாயிருக்கு மோளே. என் கட்டுரையக் கசாப்புக் கடைக்கா அனுப்பினே? படிச்ச பொண்ணுன்னு நெனச்சேன். சாருக்குச் சோப்புப் போடன்னா படிச்சிருக்கே."

ஜெஸ்லினுக்குப் பதில் வாய்வரை வந்தது. பையில் ஆய்வேடு இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மேடையில் துறையின் இளம் ஆசிரியர் வினீத் பின்னட்டையை உருகி உருகி வாசித்தார். ஸ்ரீகண்டன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அந்த அத்யாயத்துக்கு நான் அந்தப் பொண்ணுகள்கூடப் புழுதியில நின்னேன்" என்றார். அவர் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரே கட்டட வேலை சொந்த வீட்டு மாடி. அதையும் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பார்த்தார்.

கடைசியில் நன்றியுரை. பதிப்பாசிரியைக்கு மேடையில் கிடைத்த ஒரே வேலை. தலைமை தாங்கியவருக்கு, மைக் செட்டுக்கு, டீ போட்டவருக்கு என்று ஜெஸ்லின் சொல்லச் சொல்ல, கூட்டம் பாதி காதில் வாங்கிக் கைதட்டியது.

"சாருக்க புத்தகத்துல ஏழாம் அத்தியாயத்த மொழிபெயர்த்த ஜெஸ்லினுக்கு நன்றி. பத்மப்ரியா டீச்சர் கட்டுரைய வெட்டி, அந்த ஒத்தப் பத்திய மட்டும் வச்ச ஸ்ரீகண்டன் சாருக்கு நன்றி. எடிட்டர்னு எனக்க பேரு கெடக்கு. வெட்டுனது நான் இல்ல."

பழக்கதோஷத்தில் அதற்கும் கைதட்டினார்கள். ஸ்ரீகண்டனும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நிறுத்தினார்.

முன்வரிசையில் பத்மப்ரியா தட்டவில்லை. "எந்த அத்யாயம்? ஒண்ணுகூடி, இன்னொரு தடவ பறயு மோளே. பின்னாடி இருக்கறவாளுக்குக் கேக்கல" என்றார்.

ஸ்ரீகண்டன் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய கை அதுதான். ஜெஸ்லின் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக, முதலிலிருந்து சொன்னாள்.